பணமாகவே கொடுங்கள், தேதி சொல்லிக் கொடுங்கள்

கேள்வி: எங்கள் வயலில் நெடுநாள் வேலை பார்த்த ஒரு குடும்பம் இருக்கிறது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், கணவனின் வயதான தாய். சொந்த நிலம் இல்லை, கூரை வீடு. நாங்கள் ஊரை விட்டு வந்து பல வருடமாகிறது. நானும் தம்பியும் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு முறை துணிமணி, வீட்டுச் சாமான், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று வாங்கிக் கொடுத்து வருகிறோம். போன வருடம், அந்தப் பெண் சொந்தக்காலில் நிற்கட்டும் என்று ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். நாலே மாதத்தில் அது அடகுக்குப் போய்விட்டது. எனக்கு மனசே விட்டுப்போயிற்று. இனிமேல் பணமாகவே கொடுத்துவிடலாம் என்கிறாள் என் மனைவி. "மெஷினையே அடகு வைத்தவர்கள் பணத்தை விட்டுவைப்பார்களா? அவன் குடித்துத் தீர்ப்பான், இல்லையென்றால் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிடுவார்கள்" என்கிறான் தம்பி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தொகை ஒதுக்க எங்களால் முடியும். எப்படிக் கொடுத்தால் அந்தக் குடும்பம் மேலே வரும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தம்பியின் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. உதவி செய்ய நினைக்கிற எல்லோருக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் இருக்கிறது, பல பேர் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முடிந்தால் அவரிடமும் காட்டுங்கள்.

முதலில் அந்த மெஷின். அடகுக்குப் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் போயிற்று என்று எழுதவில்லை. கேட்டீர்களா? அந்த வாரம் அந்த வீட்டில் என்ன நடந்தது? யாருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று, யார் வந்து வட்டி கேட்டார்கள்? இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் அதை விற்கவில்லை, அடகு வைத்திருக்கிறார்கள். விற்றிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும். திரும்ப எடுத்துவிட வேண்டும் என்ற நினைப்பு இருப்பவர்தான் குறைந்த பணத்துக்குச் சம்மதித்து, வட்டியும் கட்ட ஒத்துக்கொண்டு அடகு வைப்பார். உங்கள் கண்ணுக்கு அலட்சியமாகத் தெரிந்தது எனக்கு அந்தப் பொருள்மேல் அவர்களுக்கு இருக்கிற ஆசையாகத் தெரிகிறது. அவர்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது பணம். கையில் இருந்ததோ மெஷின். அதைப் பணமாக்க இருந்த ஒரே வழியில் பணமாக்கினார்கள். அதில் நஷ்டப்பட்டவர்களும் அவர்கள்தான்.

கிராமத்துக் குடும்பங்களின் வரவு செலவை உட்கார்ந்து கேட்டு எழுதுவதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை. இந்த வேலைக்கு வந்த புதிதில், "மாத வருமானம் எவ்வளவு?" என்று அச்சடித்த படிவத்தோடு போவேன். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு பெண் சுவரில் ஆணியில் தொங்கிய காலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேதிகளைச் சுற்றிக் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். ஒரு கோடு என்றால் கூலி வரும் நாள், இரண்டு கோடு வட்டிக்காரர் வரும் நாள், குறுக்குக்கோடு குழுத் தவணை. மூன்று வாரத்துக்கு ஒற்றைக் கோடே இல்லை. இரட்டைக் கோடும் குறுக்குக்கோடும் மட்டும் வரிசையாக ஓடின. "இந்த மூன்று வாரத்தை எப்படித் தாண்டுவீர்கள்?" என்றேன். "அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார். அந்த வீட்டில் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது வருடக் கணக்கு கிடையாது. வரவு ஒரு தேதியில் வருகிறது, கொடுக்க வேண்டியது அதற்கு முந்தைய தேதியில் வந்து நிற்கிறது. நடுவில் இருக்கிற பள்ளத்தைத் தாண்டத்தான் அடகு, கைமாற்று, வட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது, ஆடு வளருமுன்பே விற்பது எல்லாம்.

இதை நான் அனுபவத்தில் பார்த்தேன், வேறு சிலர் அளந்தே காட்டியிருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவோ ஆகியோர் செய்தது, 2013-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. கரும்புக்குப் பணம் வருவது வருடத்தில் ஒரு தடவைதான். ஒரே ஆளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் கவனத்தையும் யோசிக்கும் திறனையும் சோதிக்கும் சின்னச் சின்னப் பயிற்சிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னால் தடுமாறிய அதே ஆள் பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார். அறுவடைக்கு முன் அந்த விவசாயிகளில் 78 சதவீதம் பேரின் பொருள் ஏதாவது அடகில் இருந்தது. பின்னால் 4 சதவீதம். ஆள் மாறவில்லை, புத்தி மாறவில்லை. கழுத்தில் இருந்த கத்தி விலகியது. உங்கள் குடும்பம் அந்த மெஷினை அடகு வைத்த நாளில் அறுவடைக்கு முந்தைய நிலையில் இருந்தது என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

சரி, குடிப்பார்களா?

உலகத்தின் பல மூலைகளிலும் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்துப் பார்த்த திட்டங்களின் கணக்குகளை டேவிட் எவன்ஸ், அன்னா போப்போவா என்ற இருவர் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். 2017-ல் வெளியானது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா எல்லாம் அதில் உண்டு. குடிக்கும் புகையிலைக்கும் போகும் செலவு கூடவில்லை. சில இடங்களில் கொஞ்சம் குறைந்தே இருந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே குடிக்கிறவர் உங்கள் பணம் வராவிட்டாலும் குடிக்கிறார், கூலியை முதலில் அதற்குத்தான் பிடித்துக்கொள்கிறார். குடிக்காதவர் பணம் வந்ததால் குடிக்கத் தொடங்குவதில்லை. ஆனால் ஆய்வு சொல்வது சராசரி. நீங்கள் கொடுக்கப்போவது ஒரே ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டில் குடி இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் தனியாக, உங்கள் மனைவி கேட்கட்டும். இருந்தால் பணம் போகிற வழியை அதற்குத் தக்கபடி அமைக்கலாம். இருக்கும் என்று நீங்களாக முடிவுகட்டி அந்த வீட்டு ஆணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிடுவார்களா என்பதற்கும் பதில் இருக்கிறது. பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் வேறு மூவரும் ஆறு நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். மெக்சிகோ, நிகராகுவா, ஹோண்டுராஸ், மொராக்கோ, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். ஆணோ பெண்ணோ, உழைக்கிற நேரம் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு 2011-ல் தொடங்கி எட்டுக் கிராமங்களில் நடத்திய சோதனையிலும் இதேதான். பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைகளுக்கு 100 ரூபாய், பிறகு 300, 150 என்று சின்னத் தொகைதான். உழைப்பு குறையவில்லை, வேலையின் தன்மைதான் நகர்ந்தது. அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன சிலர் தங்கள் துண்டு நிலத்தில் கூடுதல் நேரம் நின்றார்கள். ஒரு தொழிலாளி சொந்த வேலைக்காக ஒரு நாள் கூலிக்கு வரவில்லை என்றால், கூலிக்கு ஆள் தேடுகிறவர் கண்ணுக்கு அது சோம்பலாகத்தான் தெரியும். "காசு குடுத்துக் கெடுத்துட்டாங்க, ஆள் கிடைக்கல" என்று ஒவ்வொரு ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். யார் வாயிலிருந்து வருகிறது என்று கொஞ்சம் கவனித்தால் போதும்.

வேலையை நிறுத்துவது நல்லதாக இருக்கிற ஒரு இடமும் உண்டு. கென்யாவில் சியாயா என்ற பகுதியில் 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு 'கிவ்டைரக்ட்லி' என்ற அமைப்பு குடும்பத்துக்கு ஏறத்தாழ 1000 டாலர் கொடுத்தது. எந்த நிபந்தனையும் கிடையாது, பணம் செல்போன் வழியாகப் போயிற்று. அந்த ஊர்களில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2025-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பணம் பிரசவத்தை ஒட்டி வந்த வீடுகளில்தான் பலன் அதிகம். நிறைமாதத்திலும் பிள்ளை பெற்ற கையோடும் அந்தப் பெண்கள் கூலி வேலையைக் குறைத்துக்கொண்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த ஊர்களில் பலன் கூடுதல். நான் இந்தத் துறையில் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கியது இதுதான். எட்டு மாத வயிற்றோடு குனிந்து களை பிடுங்குகிற பெண்ணை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் அங்கே நிற்பது உழைப்பின் மேல் இருக்கிற பிரியத்தால் அல்ல. அன்றைக்குக் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

இனி, எப்படிக் கொடுப்பது. நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி இதுதான்.

எவ்வளவு என்பதைக் காட்டிலும், எந்தத் தேதியில், எத்தனை நாளைக்கு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் ஒரு குடும்பத்தை மாற்றுகிறது. இதை நான் அடித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அதே கென்யாவில் இன்னொரு சோதனை நடக்கிறது. சில கிராமங்களுக்கு, பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் ஏறத்தாழ 22 டாலர் 12 வருடம் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். வேறு சில கிராமங்களுக்கு அதே தொகை, ஆனால் 2 வருடம்தான் என்றார்கள். மூன்றாவது வகைக் கிராமங்களுக்கு அந்த இரண்டு வருடப் பணத்தையும் ஏறத்தாழ மொத்தமாகவே தந்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, முதல் இரண்டு வகை ஊர்க்காரர்களும் வாங்கியிருந்த பணம் ஒரே அளவுதான். ஆனால் 12 வருட வாக்கு பெற்றவர்கள் கூடுதலாகத் தொழில் தொடங்கியிருந்தார்கள். மொத்தமாக வாங்கியவர்களும் அப்படியே. இரண்டு வருடத்துக்கு மாதாமாதம் வாங்கியவர்கள்தான் பின்தங்கி நின்றார்கள். கையில் விழுந்த காசு ஒன்று, காதில் விழுந்த வாக்கு வேறு. அந்த வாக்கு அவர்கள் நடையையே மாற்றிவிட்டது.

நீண்ட வாக்கு பெற்றவர்கள் அந்த மாதப் பணத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பது நமக்கு நன்றாகப் புரியும். சீட்டுப் போட்டார்கள். பத்துப் பேர் சேர்ந்து, மாதம் ஒருவர் எடுத்துக்கொள்கிற சீட்டு. அடுத்த மாதமும் பணம் வரும், அதற்கடுத்த மாதமும் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் சீட்டில் சேர முடியும். நடுவில் கட்டாமல் போனால் ஊரில் தலைகாட்ட முடியுமா? மாதாமாதம் வருகிற சின்னப் பணத்தை ஒரு மாடு வாங்கும் பணமாக மாற்றிக்கொள்கிற வித்தையை அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது நீங்கள் இதுவரை கொடுத்ததைத் திரும்பிப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை. எப்போது வருவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, என்ன கொண்டுவருவீர்கள் என்றும் தெரியாது, அடுத்த வருடம் உண்டா என்றும் தெரியாது. கொடுத்தது அன்பினால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை நம்பி அவர்களால் ஒரு தீர்மானமும் எடுக்க முடியாது. மூத்த பிள்ளையை இன்னும் ஒரு வருடம் படிக்க வைக்கலாமா என்ற கேள்விக்கு அந்தத் துணிமணி பதில் சொல்லாது.

ஆகவே நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். மூன்று வருடம் என்றால் மூன்று வருடம் என்று சொல்லுங்கள். மாதத்தில் எந்தத் தேதி அவர்களுக்கு நெருக்கடி என்று கேட்டு அந்தத் தேதியையே வையுங்கள், உங்கள் சம்பளத் தேதி அவர்களுக்கு எதற்கு? ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அந்தத் தாளை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். மூன்று வருடம் உறுதியாக முடியாது என்றால் இரண்டு என்று சொல்லுங்கள். மூன்று என்று சொல்லி இரண்டில் நிறுத்துவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. சீட்டில் சேர்ந்திருப்பார்கள், கன்று வாங்க முன்பணம் கொடுத்திருப்பார்கள். நடுவில் நீங்கள் கையை எடுத்தால், உங்களைச் சந்திப்பதற்கு முன்பு இருந்ததைவிடப் பெரிய கடனில் விழுவார்கள்.

மாதாமாதமா, மொத்தமாகவா? இரண்டுக்கும் குணம் வேறு. யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபர், ஜெரமி ஷப்பிரோ என்ற இருவர் கென்யக் கிராமங்களில் இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் பட்டினி நாட்கள் குறைந்தன. மொத்தமாக வாங்கியவர்கள் நெடுநாள் நிற்கிற பொருள்களில் போட்டார்கள். பணம் பெற்ற குடும்பங்கள் பெரிய அளவில் செய்த காரியங்களில் ஒன்று, கூரையைப் பிரித்துத் தகரம் போட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ ஆடம்பரம் மாதிரி இருக்கும். கூரை வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கீற்றும் புல்லும் மக்கிக்கொண்டே இருக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால், கையில் காசே இல்லாத நேரமாகப் பார்த்து அந்தச் செலவு வந்து நிற்கும். மழையில் நனைந்தால் தானியம் போகும், பிள்ளையின் பாடப்புத்தகம் போகும், ராத்திரி முழுக்கப் பாத்திரத்தை நகர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை தகரம் போட்டுவிட்டால் அந்தச் செலவு பல வருடத்துக்கு இல்லை. அவர்கள் செய்தது தேர்ந்த முதலீடு. அதை அவர்களைவிட நன்றாக நானோ நீங்களோ தேர்ந்தெடுத்திருக்க மாட்டோம். நாம் தையல் மெஷினைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம்.

உங்கள் தொகையை என்னிடம் கொடுத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக ஒதுக்கி, எப்போது வேண்டும் என்று கேட்டு அப்போது கொடுப்பேன். மீதியை மாதாமாதம் தருவேன். மொத்தப் பணம் பெரும்பாலும் கொடும் வட்டிக் கடனை அடைக்கத்தான் போகும் என்று நினைக்கிறேன். போகட்டும். கடனை அடைத்ததில் கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஒன்றும் மிஞ்சாது, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் வீட்டு வாசலில் வந்து நின்ற ஆள் வராமல் போவார். அந்த வட்டி நின்றதே மாதாமாதம் இன்னொரு வருமானம் மாதிரி.

யார் கையில் கொடுப்பது? பொதுவாகப் பெண் கையில் என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். மெக்சிகோவில் 1997-ல் ஏழைகளுக்கான 'புரோக்ரெசா' என்ற அரசாங்கப் பண உதவித் திட்டம் தொடங்கியபோதே பணத்தைத் தாய்மார்களிடம் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளாதார அறிஞர் பார்த்தது இன்னும் சுவையானது. முதியோர் பென்ஷன் பாட்டி கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடம்பு தேறியிருந்தது, தாத்தா கைக்கு வந்த வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. ஹவுஸ்ஹோஃபர், ஷப்பிரோ செய்த கென்ய ஆய்விலோ, கணவனிடம் கொடுத்தாலும் மனைவியிடம் கொடுத்தாலும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. பெண்கள் அடி வாங்குவது இரண்டு விதத்திலும் குறைந்தது. ஆகவே ஆண்களை நம்பவே கூடாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. பெண் பெயரில் கணக்கு இருந்தால் அவர் பேச்சுக்கு வீட்டில் எடை கூடும், அந்த ஒரு காரணமே எனக்குப் போதும். கணவனுக்கு மறைத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு பேரும் இருக்கும்போது சொல்லி, மனைவி பெயரில் போடுங்கள். பணம் எடுக்கிற இடம் எவ்வளவு தூரம், போய்வரப் பஸ் செலவு எவ்வளவு, ஒரு நாள் கூலி போகுமா, ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். பணத்தை எடுத்துத் தருகிறேன் என்று கமிஷன் பிடிக்கிற ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

நிபந்தனை போடலாமா என்று தம்பி கேட்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால்தான் பணம் என்கிற மாதிரி. மலாவியில் ஸோம்பா என்ற இடத்தில் வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். படிப்பை நிறுத்தாமல் தொடர்ந்தவர்கள் நிபந்தனை போட்ட குழுவில்தான் அதிகம். ஆனால் படிப்பை எப்படியும் விட்டுவிட்ட பெண்களில், நிபந்தனை இல்லாமல் பணம் வந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே கல்யாணமாவதும் கர்ப்பமாவதும் குறைந்தது. நிபந்தனைக்குப் பலன் உண்டு, ஆனால் அது யாருக்கு மிக மிகத் தேவையோ அவர்கள் கையிலிருந்து பணத்தைப் பிடுங்கிவிடுகிறது. ஒரு அரசாங்கம் அதைப் பற்றி யோசிக்கலாம். நீங்கள் போடாதீர்கள். உங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இடையில் ஏற்கெனவே முதலாளி, கூலி என்ற பழைய உறவு இருக்கிறது. அதன்மேல் கண்காணிப்பும் சேர்ந்தால் அவர்களுக்கு மூச்சு முட்டும்.

இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, தவறாக நினைக்காதீர்கள். நீங்கள் ஊருக்குப் போகிற நாளில் அந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு வந்து வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். அவர் கணவர் வந்து கொல்லையைச் சுத்தம் செய்வார். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், அவர்களாகவே செய்வார்கள். இனி பணமும் வாங்கினால் கூடுதலாகச் செய்வார்கள். செய்த வேலைக்கு அன்றைக்கே கூலி கொடுத்துவிடுங்கள், உதவிப் பணம் தனி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் பணம் இன்னொரு கடனாகி, உடம்பால் அடைக்கிற கடனாகி நிற்கும்.

பணத்தை என்ன செய்தார்கள் என்று கணக்குக் கேட்காதீர்கள். கேட்டால் உங்களுக்குப் பிடிக்கிற பதில் வரும். பிள்ளைகளின் படிப்புக்கு என்பார்கள். உண்மையில் கிழவியின் கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கும், நீங்கள் கோபிப்பீர்களோ என்று சொல்ல மாட்டார்கள். சும்மா விசாரியுங்கள், வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று. ஒரு வருடம் போனால் தானாகவே பேசுவார்கள்.

பணத்தால் ஆகாததும் உண்டு. ஆசிரியர் வராத பள்ளிக்கூடத்துக்கு உங்கள் பணம் ஆசிரியரைக் கொண்டுவராது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் ஆஸ்பத்திரி கட்டாது. இன்னொன்று, பலன் காலப்போக்கில் மங்கலாம். உகாண்டாவில் இளைஞர்களுக்குத் தொழில் தொடங்க ஆளுக்கு ஏறத்தாழ 400 டாலர் கொடுத்தார்கள். நாலு வருடத்தில் அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் கூடியிருந்தது. ஒன்பது வருடத்தில் பணம் பெறாதவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள், வருமானத்தில் வித்தியாசம் இல்லை. சேர்த்த சொத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. இதை வைத்துப் பணம் வீண் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடங்களில் அந்த வீட்டுப் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவர்களிடம் கேட்க எனக்கு ஆசை. மூன்று வருடத்தில் அந்தக் குடும்பம் ஏழ்மையைத் தாண்டிவிடும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்காதீர்கள். தாண்டலாம், தாண்டாமலும் போகலாம். முடிக்கும் நேரம் வந்தால் ஆறு மாதம் முன்பே நினைவுபடுத்துங்கள்.

அக்கம்பக்கத்தார் விஷயம் ஒன்று. கென்யாவில் பணம் கிடைக்காத வீட்டுக்காரர்களின் மனநிறைவு, பக்கத்து வீட்டுக்குக் கிடைத்ததைப் பார்த்துக் கொஞ்சம் குறைந்தது. இன்னொரு பக்கம், 653 கிராம ஆய்வில் அந்தப் பணம் ஊர்க் கடைகளிலும் கூலியிலும் சுழன்று, கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் ஊரின் வருமானம் இரண்டு டாலருக்கு மேல் கூடியது, கிடைக்காதவர்களுக்கும் பலன் போனது. விலைவாசியும் அதிகம் ஏறவில்லை. ஒரே ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும்போது அந்த அளவு சுழற்சி இருக்காது, பொறாமை மட்டும் இருக்கும். ஊருக்குத் தெரிய வேண்டுமா, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும். சொந்தக்காரர்கள் கடன் கேட்டு வருவார்கள், இவர்களும் கொடுப்பார்கள். அதைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். நாளைக்கு இவர்கள் கஷ்டத்தில் கைமாற்றுக்குப் போய் நிற்கப்போவதும் அதே வாசலில்தான்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடகு வைத்த மெஷினுக்கு ஒரு ரசீது இருக்கும், அதில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அதைத் தாண்டினால் மெஷின் ஏலத்துக்குப் போய்விடும். உங்கள் மனைவி அந்தப் பெண்ணிடம் போனில் பேசி, அந்தத் தேதி என்ன என்று மட்டும் கேட்கட்டும். முதல் தவணை அதற்கு ஒரு வாரம் முன்னதாகப் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். அதை வைத்து மெஷினை மீட்பதா, வேறு எதற்காவது வைத்துக்கொள்வதா என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.